தென்துருவமும் ஐம்பது கிலோ மைசூர்பாகும்

நவம்பர் 14, வெள்ளி

பயணம் போனவர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். தென்துருவத்துக்குப் போன ஸ்காட் கூடாரத்துக்குள் விறைத்த விரல்களோடு எழுதினார். நான் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். பின்னாளில் அச்சுக்குப் போகலாம் என்பதால் கையெழுத்தைக் கொஞ்சம் கவனித்துப் போடுகிறேன்.

அச்சில் படிப்பவர்களுக்காக: நான் பேராசிரியர் ஆவுடைநாயகம், ஓய்வு, திருநெல்வேலி. வயது அறுபத்தெட்டு. முப்பது வருடமாகப் பட்டிமன்ற நடுவர். என் தீர்ப்பு எந்த ஊரிலும் யாரையும் புண்படுத்தியதில்லை. கணவனா மனைவியா என்றால் இருவரும். பணமா குணமா என்றால் இரண்டும். நாற்பது நிமிடம் இரு அணியையும் பாராட்டிவிட்டு, வண்டிக்கு இரண்டு சக்கரமும் வேண்டும் என்று முடிப்பேன். கைதட்டிவிட்டு அவரவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

இந்த முறை தலைப்பு புதிது. மலைமேல் இருக்கும் குதிரைமேடு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஞானதுரைக்குத் துருவப் பயணங்களில் பித்து. ‘துன்பத்தைத் தாங்குவதில் விஞ்சி நிற்பவர்கள் அன்றைய பயணிகளா, இன்றைய பயணிகளா?’ ஞாயிறு மாலை விழா. ஒரு மாதமாகப் படித்ததில் அண்டார்டிகா பயணத் தலைவர் ஷாக்கிள்டனும் நானும் நெருங்கிவிட்டோம். அவருக்கும் தலைமை தாங்கத்தான் பிடிக்கும்.

வேனில் நாலு பேர். அன்றைய பயணிகளுக்காகப் பேசும் புலவர் மருதப்பிள்ளை. இருபது வருடமாக என் குழுவில் இருக்கிறார். இருபது வருடமாக என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். இன்றைய பயணிகளுக்காகப் பேசும் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பள்ளி ஆசிரியை. ஓட்டுநர் பால்வண்ணம். இவர்களோடு, அடிவாரத்து மிட்டாய்க்கடையில் செயலாளர் சொல்லி வைத்து எங்கள் வண்டியில் ஏற்றிவிட்ட ஐம்பது கிலோ நெய் மைசூர்பாகு. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க.

மற்ற பேச்சாளர்கள் பின்னால் காரில் வருகிறார்கள். என் நீலப் பை தவறிப்போய் அந்தக் காரில் ஏறிவிட்டது. முக்கியமாக ஒன்றும் இல்லை. சோப்பு, சீப்பு.

அதே நாள், மாலை

மலை சரிந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் சாலை இருந்த இடத்தில் செம்மண் வழிகிறது. திரும்பலாம் என்று வண்டியைத் திருப்பினால், பின்னால் ஒரு பெரிய மரம் மண்ணோடு சாலையில் படுத்திருந்தது. கார் அந்தப் பக்கம் நின்று, அடிவாரத்துக்கே திரும்பிவிட்டதாம்; பால்வண்ணத்தின் போனில் அதை மட்டும் கேட்க முடிந்தது, பிறகு சிக்னல் இல்லை.

பால்வண்ணத்திடம் அந்தக் கார் எங்கே இருக்கிறது என்று மூன்று தடவை விசாரிக்கச் சொன்னேன். “சோப்புக்கா ஐயா இவ்வளவு பதறுதீய?” என்றான். நான் பதறவில்லை. ஒரு தலைவனுக்குத் தன் அணி முழுவதும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சாலையோரத்தில் எஸ்டேட்காரர்கள் எப்போதோ மூடிப்போட்ட ஒரு சின்ன மருந்தகம். பூட்டு துருப்பிடித்து ஒரு தள்ளலில் கழன்றுவிட்டது. உள்ளே இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மர நாற்காலி, சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியை மட்டும் நான் நன்றாகத் தேடிப் பார்த்தேன். பழைய மருந்துகளின் மீது எனக்கு வரலாற்று ஆர்வம் உண்டு. இரண்டு காலி டிங்சர் பாட்டிலும் ஒரு பல்லியும் இருந்தன.

நவம்பர் 15, சனி

பால்வண்ணம் காலையில் வளைவு வரைக்கும் நடந்துபோய் வந்தான். அங்கே ஒரு பாறைமேல் ஏறினால் போன் கிடைக்கிறது. செயலாளர் சொன்னாராம்: “ஜே.சி.பி. வந்துக்கிட்டே இருக்கு. நாளைக்குக் காலையில வழி கிடைச்சுரும். ஐயா நிம்மதியா இருக்கட்டும்.”

சாப்பாட்டுக் கணக்கு: ஜெசிந்தா கொண்டுவந்த எலுமிச்சைச் சாதம் நேற்றே முடிந்தது. மருதப்பிள்ளையின் மிக்சர் பொட்டலம் அவருக்கே போதவில்லை. மிச்சம் இருப்பது மைசூர்பாகு. செயலாளரிடம் அனுமதி வாங்கி ஒரு பெட்டியைத் திறந்தார்கள். நெய் வாசம் அறை முழுக்க நிறைந்தது.

நான் வேண்டாம் என்றேன்.

“ஏன் அண்ணாச்சி? காலையில இருந்து வயித்துல ஒண்ணும் இல்லையே,” என்றார் மருதப்பிள்ளை.

அந்த நேரத்தில் என் வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன். ஷாக்கிள்டன் ஒரு பயணத்தில், பசியால் துவண்டிருந்த தோழனுக்குத் தன் பங்கு பிஸ்கட்டை வற்புறுத்திக் கொடுத்துவிட்டார். தலைவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். வழி எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் பங்கை நீங்கள் மூவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருதப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் என்னை இப்படிப் பார்த்ததே இல்லை. “உங்களை நான் என்னவோ நினைச்சிருந்தேன் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு என் பங்கையும் சாப்பிட்டார். அவர் என்ன நினைத்திருந்தார் என்று கேட்கவில்லை.

பால்வண்ணம் ஐம்பது கிலோவைத் திரும்பிப் பார்த்தான். “இது தீர ஒரு மாசம் ஆகுமே ஐயா. நீங்க ஒண்ணு எடுத்தா குறைஞ்சா போவும்?” தியாகத்தைப் பற்றி இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

மாலை

தாகம். மலைத் தண்ணீர் நல்ல ருசி. அதனால்தான் அடிக்கடி குடிக்கிறேன். குடித்தால் வெளியே போகத்தான் வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஜெசிந்தா ஏன் கவனிக்கிறாள் என்று தெரியவில்லை. “எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஐயா தாகம் எடுக்கும்,” என்றாள். அவள் அப்பாவைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

விழா நாள். விழா இல்லை. வழியும் இல்லை. ஜே.சி.பி. பாதி வழியில் சிக்கிக்கொண்டதாம். நாளைக்குக் காலையில் நிச்சயமாம்.

பால்வண்ணம் போனில், “நடந்து வரலாமா?” என்று கேட்டிருக்கிறான். செயலாளர் பதறிப்போய், “நடுவரை நடக்க வைக்கிற அளவுக்குக் குதிரைமேடு இன்னும் கெட்டுப்போகலை. ஊர் எல்லையில மேளம் நிக்குது, கார் நிக்குது. ஐயா கார்லதான் வரணும்,” என்று சொல்லிவிட்டாராம். மரியாதை தெரிந்த மனிதர். நான் மறுக்கவில்லை.

ஆனால் அணி இரண்டாகப் பிளந்துவிட்டது. மருதப்பிள்ளைக்குச் சரிவைத் தாண்டி நடக்க வேண்டும். “உலகத்தைச் சுத்தக் கிளம்பின மகெல்லன் ஆளுங்க கப்பல்ல தோலை ஊற வச்சுத் தின்னாங்க. தென்துருவத்தை முதல்ல தொட்ட ஆமுண்ட்சன் வண்டி இழுத்துட்டு வந்த நாயையே தின்னாரு. நாம மைசூர்பாகு தின்னுக்கிட்டுப் படுத்துக் கிடக்கோம். வெக்கமா இல்லையா?”

ஜெசிந்தா விடவில்லை. “அந்தத் தாய்லாந்துக் குகையில மாட்டின பிள்ளைங்க வெளிய வர நீந்திப் பாக்கலை. ஆள் வார வரைக்கும் ஒரே இடத்துல இருந்தாங்க. பன்னெண்டு பேரும் அவங்க பயிற்சியாளரும் உயிரோட வந்தாங்க. சும்மா இருக்கறதுக்கும் தைரியம் வேணும்.”

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்லுங்க.”

எழுந்து நின்றேன். பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினேன். நடப்பதில் ஒரு அழகு இருக்கிறது, இருப்பதிலும் ஒரு அழகு இருக்கிறது என்று தொடங்கினேன். பால்வண்ணம் கதவோரம் குந்தியிருந்தபடி, “ரெண்டும் வேணும்னு சொல்லப் போறாரு,” என்றான். எத்தனையோ மேடைகளுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து என் தீர்ப்பைக் கேட்டவன். ஆனால் பாதி நடந்து பாதி இருக்க முடியாது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே தலைப்பை அடுத்த ஊரில் பேசும்போது பேச்சாளர்கள் அணி மாறிக்கொள்வார்கள். மனதில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கலாமே என்று இருவரையும் அணி மாறிப் பேசச் சொன்னேன். மருதப்பிள்ளை இருப்பதே மேல் என்று அதே உருக்கத்தோடு பேசினார். ஜெசிந்தா நடப்பதே மேல் என்று அதைவிட நன்றாகப் பேசினாள். இருவருக்கும் பால்வண்ணம் கைதட்டினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருடமாக நான் இவர்களுக்கு என்னதான் பழக்கிக் கொடுத்திருக்கிறேன்?

தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

காலையில் வெளியே போனபோது மூடுபனிக்குள் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரையும் காணோம். ஷாக்கிள்டனும் இரண்டு தோழர்களும் தெற்கு ஜார்ஜியாவின் மலையைக் கடந்தபோது, கூடவே இன்னொருவர் நடந்து வருவதுபோல மூவருக்கும் தோன்றியதாம். அவருக்கு ஒரு ஆள்தான். எனக்கு ஒரு கூட்டமே.

நவம்பர் 17, திங்கள்

வழி இல்லை. நாளைக்குக் காலையில் நிச்சயம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அசதி மட்டும்தான். மருந்தகத்தின் பின்னால் சௌசௌக் கொடி காடாகப் படர்ந்து கிடக்கிறது. ஜெசிந்தா அதைப் பறித்து, ஊசி கொதிக்கவைக்கும் பழைய பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டி வேகவைத்து எனக்கு மட்டும் கொடுத்தாள். உப்பு இல்லை. “இது தியாகத்தில் சேராதா?” என்று கேட்டேன். “இது சேராது ஐயா, தைரியமா சாப்பிடுங்க,” என்றாள். மருதப்பிள்ளை சௌசௌவை ஆசையோடு பார்த்தார். மைசூர்பாகு அவருக்குத் திகட்டிவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

மதியம் ஜெசிந்தா விளையாட்டுபோல சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, “ஐயா, நாலாவது வரியைப் படிங்க பாப்போம்,” என்றாள். எனக்கு நாலாவது வரி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அட்டை பழையது, எழுத்து மங்கிவிட்டது என்றேன். பால்வண்ணம் தூரத்தில் கட்டிலில் படுத்தபடியே அந்த வரியைக் கடகடவென்று படித்தான். அவனை யார் கேட்டார்கள்?

பொழுது போக வேண்டுமே என்று தலைப்பைப் பற்றியே பேசினோம். ஜெசிந்தா ஸ்காட்டின் அணியில் இருந்த எவான்ஸை எடுத்தாள். எனக்குத் தெரியாதவர் இல்லை. என் குறிப்பிலும் இருக்கிறார். சறுக்கு வண்டியைச் சரிசெய்யும்போது கையை வெட்டிக்கொண்டவர். வெளியே சொன்னால் துருவத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள் என்று காயத்தை ஸ்காட்டிடம் மறைத்தார். அது ஆறவே இல்லை. திரும்பும் வழியில் அவர்தான் முதலில் இறந்தார்.

“எவ்வளவு பலசாலி அந்த மனுஷர்,” என்றாள் ஜெசிந்தா. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிலியில சுரங்கத்துக்குள்ள முப்பத்து மூணு பேர் மாட்டினாங்க பாருங்க. அதுல ஒருத்தருக்குச் சர்க்கரை. மேல இருந்து குழாய் வழியா மருந்து போச்சு. அவங்க யாரும் வெக்கப்படலை. அதனாலதான் நான் இன்றைய பயணிங்க பக்கம்.”

இதைச் சொல்லும்போது அவள் மருதப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. நடுவரைப் பார்த்துப் பேசுவது மரபுதான், ஆனாலும் இந்த அளவுக்குப் பார்க்க வேண்டியதில்லை. விவாதம் முடிந்தது என்று அறிவித்தேன்.

ஜனவரியில் மஸ்கட் பயணம் இருக்கிறது. மூன்று மேடை. அங்கிருக்கும் சங்கத்தார் போன மாதம் போனில், “உடம்பு நல்லாத்தானே இருக்கு ஐயா?” என்று கேட்டார்கள். மாத்திரை என்ற சொல்லுக்கு எனக்குப் பொருளே தெரியாது என்று சொன்னேன். எல்லா மேடையிலும் நான் முதலில் சொல்லும் வாசகம் அது. அதற்கு மட்டுமே ஒரு கைதட்டல் விழும். மருதப்பிள்ளைக்கு மஸ்கட் போக எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். நடுவரால் வர முடியாது என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

மாலை

எழுத்து கோணலாகப் போகிறது. பேனா சரியில்லை.

நவம்பர் 18, செவ்வாய். குதிரைமேடு அரசு மருத்துவமனை

கையில் டியூப் குத்தியிருக்கிறது. இடது கையால் டைரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அச்சில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

காலையில் பால்வண்ணம் வழக்கம்போல வளைவுக்குக் கிளம்பினான். “செயலாளருக்கு ஏதாவது சொல்லணுமா ஐயா?” என்று கேட்டான். நாலு நாளாக இதே கேள்வி. நாலு நாளாக நானும், எங்களுக்காகக் காத்திருப்பதற்கு நன்றி சொல் என்று சொல்லியனுப்பினேன். இன்று அதைச் சொல்ல எழுந்தேன். அறை ஒரு சுற்றுச் சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடிக்கப் போனேன், கம்பி அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று பேரும் ஓடிவந்தார்கள். மருதப்பிள்ளை என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பால்வண்ணத்தைப் பார்த்து, “பசி மயக்கம்டா. நமக்காகப் பட்டினி கிடந்த மனுஷன். ஒரு துண்டு எடு. இப்பமாவது வாயில போடுவோம்,” என்றார். பால்வண்ணம் பெட்டியைத் திறந்தான். மருதப்பிள்ளையின் விரல் என் உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தத் துண்டு எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னேன்.

“எனக்குச் சர்க்கரை இருக்கு, மருதப்பிள்ளை. பதினோரு வருஷமா ஊசி போடுதேன். ஊசி அந்தக் கார்ல போயிட்டு.”

சொன்னதும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஜெசிந்தா மூச்சை விட்டாள். “இதுக்குத்தானே ஐயா நேத்தெல்லாம் எவான்ஸைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றாள். பால்வண்ணம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வளைவை நோக்கி ஓடினான். மருதப்பிள்ளைக்குத்தான் கோபம். அவ்வளவு கோபத்தை அவர் எந்த மேடையிலும் காட்டியதில்லை.

“அப்ப அந்த பிஸ்கட்டு, தியாகம், தலைவன் கடைசியில சாப்பிடணும், எல்லாம்?”

“எல்லாம் அதுக்குத்தான்.”

“ஓய், நான் அழுதேன் ஓய். உம்ம பங்கையும் சேத்துத் தின்னுட்டு ராத்திரி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு முழிச்சுக் கிடந்தேன்.” அண்ணாச்சி ஓய் ஆகிவிட்டது. ஆனால் என் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. துண்டை நனைத்து என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

நான் பயந்தது இவருக்குத்தான். நாலு நாளாக இவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இவரோ என்னைத் திட்டுகிற திட்டில், என் நாற்காலி ஞாபகமே இவருக்கு இல்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. அதே சத்தம். கதவைத் திறந்துகொண்டு மரகதம் என்ற நர்ஸ் வந்தார். தலையில் பிளாஸ்டிக் உறை, கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். பின்னால் கூடை மாட்டிய தேயிலை பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர், ஆண்கள் நாலு பேர்.

விரலில் குத்தி, கருவியைப் பார்த்த மரகதம், “இதோட நாலு நாள் எப்படி சார் இருந்தீங்க?” என்றார்.

ஷாக்கிள்டனைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தார். “பயந்துக்கிட்டே இருந்தேன்மா,” என்றேன்.

ஊசி போட்ட பிறகு ஜெசிந்தாதான் கேட்டாள், இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தீர்கள் என்று. கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். மருந்தகத்துக்குப் பின்னால் குறுக்குப் பாதை இருக்கிறது. சரிவு அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. அவர்கள் தினமும் காலையில் அதில்தான் வேலைக்கு வருகிறார்கள்.

“இங்க ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே. பேச்சுப் போட்டிக்கு வந்த பெரியவங்க தங்கியிருக்காங்க, தொந்தரவு பண்ணாம போங்கன்னு செயலாளர் சொன்னாரு. அதான் இந்தப் பக்கம் வந்தா சிரிக்கிறதைக் கூட நிறுத்திருவோம். அப்படியும் எப்பவாவது சிரிப்பு வந்துரும்.”

செயலாளரும் பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “நடந்தா முக்கா மணி நேரம்தான் ஐயா. ஆனா நடுவரை நடத்திக் கூட்டிட்டு வந்தாங்கன்னு பேர் வந்துரக் கூடாதேன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மருந்தையாவது சனிக்கிழமையே அனுப்பியிருப்பேன்.”

சனிக்கிழமையே. நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் இருவரின் மரியாதையும் சேர்ந்து என்னைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. ஷாக்கிள்டனை ஒரு வருடத்துக்கு மேல் பனிக்கட்டி பிடித்து வைத்தது. என்னை நாலு நாள் பொன்னாடை பிடித்து வைத்தது.

நடக்கக்கூடாது என்று மரகதம் சொல்லிவிட்டார். மருந்தக நாற்காலியில் இரண்டு கம்புகளைக் கட்டி, என்னை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு உற்சவமூர்த்தி மாதிரி போனேன். பெண்கள் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. மேளக்காரர்கள் நாலு நாளாக ஊர் எல்லையில் காத்துக் கிடந்தவர்கள். நாங்கள் சாலை வழியாக வராமல் தோட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்ததும் திகைத்துப்போய், பிறகு சமாளித்து வாசிக்கத் தொடங்கினார்கள். காரும் நின்றது. அதில் ஏற்றி, எதிரே தெரிந்த மருத்துவமனை வாசலில் இறக்கினார்கள்.

நவம்பர் 19, புதன்

சர்க்கரை இறங்கியிருக்கிறது. இங்கேயும் ஒரு கண் அட்டை தொங்குகிறது; அதில் ஐந்து வரி படித்தேன். விழா நாளைக்கு என்கிறார்கள். மருத்துவர் ஒரு மணி நேரம் மட்டும் போய்வர அனுமதி தந்தார்.

மருதப்பிள்ளை பார்க்க வந்தார். இன்னும் முறைப்பு இருக்கிறது. நாளைக்கு நீங்கள் நடுவராக உட்காருங்கள் என்றேன். நம்பவில்லை. “இதுல என்ன உள்குத்து?” என்றார். ஒன்றும் இல்லை, என்னால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது, பத்து நிமிடம் நின்று பேச முடியும், அதனால் நான் பேச்சாளர் என்றேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “எந்த அணி?” என்றார். இன்றைய பயணிகள் என்றேன். ஜெசிந்தா எதிர் அணிக்கு மாறிக்கொள்ளச் சம்மதித்தாள்.

நவம்பர் 20, வியாழன்

முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பக்கம் நின்று பேசினேன். எவான்ஸைச் சொன்னேன். சுரங்கத்துக்குள் மருந்து போனதைச் சொன்னேன். நடுக்கடலில் முதுகு ஒடிந்து, தன்னால் எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி அனுப்பி, மீட்கப்பட்டு, சில வருடம் கழித்து அதே பந்தயத்துக்குத் திரும்பிப் போய் முடித்துக்காட்டிய இந்தியக் கடற்படைக்காரரைச் சொன்னேன். அன்றைய பயணி துன்பத்தைத் தாங்கினார். இன்றைய பயணி வலிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அதுதான் பெரிய தாங்குதல் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். மேடையில் கால் நடுங்கியது, அதை மறைக்கவில்லை. யாரோ நாற்காலி போட்டார்கள்.

ஜெசிந்தா அன்றைய பயணிகளுக்காகப் பேசி என்னைக் கிழித்தாள். எனக்கே அவள் பக்கம் சாயத் தோன்றியது.

பிறகு மருதப்பிள்ளை தீர்ப்புக்கு எழுந்தார். ரெண்டும் வேணும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இருபது வருடமாக என்னிடம் அதைத்தானே கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இன்றைய பயணி சொல்லக் கற்றுக்கொண்டார் என்று இங்கே ஒருவர் பேசினார். அருமையான பேச்சு. ஆனால் நான் ஒரு இன்றைய பயணியை நேரில் பார்த்தேன். பாறைமேல் ஏறினால் போன். முக்கால் மணி நேரத் தூரத்தில் ஆஸ்பத்திரி, நர்ஸ், மருந்து. ஸ்காட்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இருந்தும் அந்தப் பயணி நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. தாங்குவதுதான் தலைப்பு. கையில் எல்லாம் இருந்தும் கௌரவத்துக்காகத் தாங்கினால் அது தாங்கலா, கிறுக்கா என்று நீங்களே சொல்லுங்கள். அன்றைய பயணிகளே வென்றார்கள் என்று தீர்ப்பளிக்கிறேன்.”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. செயலாளர் சிரித்தார், மரகதம் சிரித்தார், பால்வண்ணம் நாற்காலியின்மேல் ஏறி நின்று கைதட்டினான். மொத்தமே ஐந்து நிமிடத் தீர்ப்பு. ஒரு பக்கத்தை மட்டும் சொன்ன தீர்ப்பு. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததும் உண்மை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் இவ்வளவு நல்ல தீர்ப்பு சொன்னதில்லை.

மேடையிலிருந்து இறங்கும்போது மருதப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, வருத்தமா?” என்றார். அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டது.

“மஸ்கட்டுல தீர்ப்பை இதைவிடக் கொஞ்சம் நீட்டணும்,” என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வராந்தா வரைக்கும் கூடவே வந்தார்.

காலையில் முதல் வேலையாக மஸ்கட்டுக்குப் போன் போட வேண்டும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நானே சொல்லிவிட வேண்டும். மருதப்பிள்ளை சொன்னால் மைசூர்பாகையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.